காகிதம் நகரவில்லை

அத்தியாயம் 17

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. ஈஸ்டர் விடுமுறைக்கு ஊரே மலைக்குக் கிளம்புகிற நாள். ஆரஞ்சுப் பழம், துப்பறியும் நாவல், கம்பளி உள்ளாடை எல்லாவற்றையும் மூட்டை கட்டியாகிவிட்டது. வண்டியை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் ஸ்கார்தால் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் இன்னும் வண்டியை எடுக்கவில்லை. இங்குனின் பட்டறை முற்றத்தில் காப்பிக் கோப்பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் கார் மேல் கட்ட வேண்டிய பனிச்சறுக்குப் பலகைகள் இன்னும் பட்டறைக்குள்ளேயே இருந்தன.

சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் கோபம் வந்தால் கத்த மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் காப்பி கிடைக்குமா என்று கேட்பார்கள். அன்று காலையிலிருந்து எல்லாரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிலைமை எவ்வளவு மோசம் என்று இங்குனுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் அந்தத் தொலைக்காட்சிக்காரர்கள் செய்த வேலை. போன இலையுதிர் காலத்தில் கேமராவோடு வந்தார்கள். மரச் சீவல் பறப்பதைப் படம் பிடித்தார்கள். மலைக்குப் போனால் இங்குன் செய்த பலகையில்தான் போக வேண்டும் என்று நாட்டுக்கே சொல்லிவிட்டு, தட்டிலிருந்த வாஃபிளையும் காலி செய்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அடிக்க ஆரம்பித்த போன் அப்புறம் ஓயவே இல்லை.

அதுவரை ஒரு குளிர்காலத்துக்கு இருபது ஜோடி செய்வதற்குள் இங்குனுக்கு முதுகு விட்டுப்போகும். அவள் கணவன் ஹால்வருக்கோ, ‘முடியாது’ என்ற வார்த்தை பிறவியிலேயே நாக்கில் வராது. கேட்டவர்களுக்கெல்லாம் “ஈஸ்டருக்குள்ள குடுத்துடலாம்” என்று வாரி வழங்கிவிட்டான். இருபது எழுபதாகிவிட்டது. மகள் திரில் நகரத்து வேலையை விட்டுவிட்டு வந்து, அம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டுக்கொண்டாள். அப்படியும் மூச்சு முட்டியது.

போன வாரம் புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்த சண்டையில் வாஃபிள் சுடுகிற இரும்பே பறக்கப் பார்த்தது. கடைசியில் இங்குன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இனிமேல் காகிதம் நகராமல் ஒரு ஜோடிகூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது. ஹால்வர் தலையாட்டினான். அவன் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

பட்டறைத் தரையில் மட்டமாகத் தேய்த்த கருங்கல் ஒன்று பதித்திருந்தது. அதன்மேல் புதுப் பலகைகள் இரண்டை வைத்து, அவற்றின் நடுப்பகுதிக்கு அடியில் ஒரு காகிதச் சீட்டைச் செருகினாள் இங்குன்.

“ஏறுங்க வாத்தியாரே.”

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் அஸ்லாக் ஏறி நின்றார். நல்ல பலகை வில்லைப் போல நடுவில் லேசாக எழும்பி இருக்கும். இரண்டு காலையும் ஊன்றி நின்றாலும் அந்த வளைவு முழுதாகப் படியக் கூடாது. காகிதம் சுலபமாக வர வேண்டும். ஒற்றைக் காலை அழுத்தினால்தான் அது சிக்க வேண்டும். அப்போதுதான் மேட்டில் பிடிக்கும், சமதரையில் வழுக்கும். ஆளின் எடைக்கு ஏற்றபடி அந்த வளைவைப் பதம் பார்த்து இழைப்பதில்தான் இங்குனின் பேரே இருந்தது. அதற்கு அளவு கருவி எதையும் அவள் தொட்டதில்லை. கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவாள்.

குனிந்து காகிதத்தை இழுத்தாள். நகரவில்லை.

“ரெண்டு காலையும் சமமா ஊனுங்க.”

“சமமாத்தாங்க நிக்கிறேன்.”

மறுபடி இழுத்தாள். பாதிக் காகிதம் கிழிந்து கையோடு வந்தது.

வாத்தியார் சங்கடமாகத் தொப்பையைத் தடவினார். “கிறிஸ்துமஸ்ல ஆட்டுக்கறி கொஞ்சம் கூடிப்போச்சு.”

“போன்ல என்ன எடைன்னு சொன்னீங்க?”

“யாரும் கேக்கலையே!”

இங்குன் தலையைத் திருப்பினாள். காப்பிக் கெட்டிலோடு நின்ற ஹால்வர், ஜன்னலுக்கு வெளியே இருந்த பனியை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன் போலப் பார்க்க ஆரம்பித்தான். அவன் சட்டைக் கையைப் பிடித்து மரக் கிடங்குக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“எடை கேக்கலையா நீ?”

“எப்படிக் கேக்குறது இங்குன்? முன்னப் பின்ன தெரியாதவங்க. பாதிப் பேரு பொம்பளைங்க. எடுத்த எடுப்புல உங்க எடை என்னன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?”

“அப்ப எனக்கு நீ சொன்ன எடையெல்லாம்?”

“குரலை வச்சு சொன்னேன்.”

“என்னது?”

“ஒரு யூகந்தான். குரல் கனமா இருந்தா கொஞ்சம் கூட்டிப் போட்டேன். கீச்சுன்னு இருந்தா குறைச்சுக்கிட்டேன்.”

வேறொரு வருஷமாக இருந்தால் இங்குன் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்கு அழுகைதான் வந்தது.

“ஊர்ல ஒருத்தரை விடாம உருளைக்கிழங்குத் தராசுல ஏத்தி நிறுத்திட்டுத்தானே வேலையே ஆரம்பிப்பேன்? பாதிரியாரையே ஏத்தினேனே! உனக்கு மட்டும் என்ன வெக்கம்? என் பேரைக் கெடுக்க வெளியிலேர்ந்து ஆளே வேண்டாம். நீ ஒருத்தன் போதும்.”

ஹால்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அவள் கைகளைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

வரிசை நகர்ந்தது. காகிதம்தான் நகரவில்லை.

நடுநடுவே ஒன்றிரண்டு ஜோடி சரியாக வந்தது. காகிதம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்போது இங்குனுக்கு உயிர் திரும்பி வரும். அடுப்பில் காய்ந்த இரும்பை எடுத்துப் பலகையின் நுனியில் தன் இலை முத்திரையைச் சுடுவாள். வாங்கியவர் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போவார். அடுத்த ஜோடி சிக்கும். அதற்கடுத்ததும் சிக்கும். சுவரோரம் தள்ளுபடியான பலகைகள் ஏறிக்கொண்டே போயின.

ஒவ்வொரு ஜோடியாக எடுத்து வந்து கொடுத்த திரில், காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. பலகைகளைப் பார்ப்பதைவிட அம்மாவின் கையுறையைத்தான் அதிகம் பார்த்தாள். இங்குன் அதைக் கவனிக்கவில்லை.

மதியத்துக்குள் மலை உச்சியை மேகம் மூடிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போர்கில் வந்து சேர்ந்தார். ஹால்வரின் அக்கா. ஊர் மருத்துவச்சி. பாதி ஊரைத் தன் கையில் ஏந்தி வெளியே எடுத்தவர் என்பதால் அந்தப் பாதியை அதட்டத் தனக்கு உரிமை உண்டு என்று நினைப்பவர். மிச்சப் பாதியையும் சும்மா விடுவதில்லை.

“என்னடி இங்குன், வெளிய ஒவ்வொருத்தர் மூஞ்சியும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. நீ என்ன பலகை குடுக்குறியா, பரீட்சை வைக்கிறியா?”

“ஏறுங்க அண்ணி.”

“ஏறுறேன். எனக்கு என்ன பயம்?”

போர்கில் ஏறி நின்றார். இங்குன் இழுத்தாள். காகிதம் கல்லோடு ஒட்டியது போலக் கிடந்தது.

“அண்ணி, உங்களை நானேதானே எடை போட்டேன்? அதுக்கப்புறம் எடை கூடிடுச்சா?”

“என் எடையை நான் எவன்கிட்டயும் ஒளிச்சதில்ல. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கொண்டா உன் தராசை.”

தராசு வந்தது. உருளைக்கிழங்கு மூட்டை போல அதில் கம்பீரமாக ஏறி நின்றார். அவர் சொன்னது சரி. எடை அப்படியே இருந்தது.

இங்குன் தராசு முள்ளை இன்னொரு முறை பார்த்தாள். குரலை வைத்து யூகித்த எடை என்று ஹால்வர் மேல் பழியைப் போட்டாயிற்று. இந்த எடை யூகம் இல்லையே! அப்படியென்றால் கோளாறு மரத்தில் இருக்கிறது. பலகை இரண்டையும் அடிப்பக்கங்கள் ஒட்ட ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து நடுவில் அமுக்கினாள். ஒரு கை பலத்திலேயே இரண்டும் படிந்து ஒட்டிக்கொண்டன. மரத்தின் நடுப்பகுதி தேவைக்கு மேல் இழைபட்டு மெலிந்து போயிருந்தது.

சுவரோரம் இருந்தவற்றையும் எடுத்து எடுத்து அமுக்கிப் பார்த்தாள். எல்லாம் அப்படித்தான். மேட்டில் பிடிக்காமல் போனால்கூடப் பரவாயில்லை, நாலு வசவோடு போய்விடும். மெலிந்த பலகை பாரம் தாங்காது. நடுமலையில் ஒடியும்.

“திரில்!”

உள் அறைக்குள் மகளை நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

“என்னடி பண்ணி வச்சிருக்க? அவசரம் அவசரம்னு இழைச்சுத் தள்ளிட்டியா? உங்கப்பா வாக்குக் குடுத்தா அது அவர் பாடு. மரம் என்ன பாவம் பண்ணிச்சு? உனக்கு எத்தனை தடவை சொன்னேன், கை நிதானம் வேணும், கை நிதானம் வேணும்னு!”

திரில் தலையைக் குனிந்துகொண்டாள். “என் தப்புதாம்மா.”

“தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? வெளிய நிக்கிறவங்களுக்கு யார் பதில் சொல்றது? இந்த ஊர்ல இங்குன் மேல ஒரு குறைச்சொல் கிடையாது. அது ஒண்ணுதான்டி எங்கிட்ட இருக்கு. அதையும் நீ—”

“நிறுத்து இங்குன்.”

ஹால்வர் கதவருகே நின்றான். கெட்டிலை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தான். கெட்டில் இல்லாமல் அவன் கைகளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

“நீ இதுல தலையிடாதே.”

“தலையிட்டுத்தான் ஆகணும். இவ எதுக்கு ஏத்துக்கணும்? இவ செஞ்ச ஜோடியில ஒண்ணுகூடச் சிக்கல. காலையிலேர்ந்து நீ முத்திரை போட்டுக் குடுத்தியே, அத்தனையும் இவ செஞ்சது.” வெளியே கையைக் காட்டினான். “சுவத்தோரம் கிடக்கறதெல்லாம் உன் மேசையில செஞ்சது.”

“அப்பா, வேணாம்.”

“சொல்லட்டும் விடு,” என்றாள் இங்குன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமான சிரிப்பு. “என் கையில செஞ்சது மெலிஞ்சுடுச்சாம். என் கட்டைவிரலுக்குத் தெரியாதா மரம் எங்க நிக்கணும்னு?”

திரில் மெதுவாக நிமிர்ந்தாள். “கையுறையைக் கழட்டும்மா.”

“எதுக்கு?”

“கழட்டேன்.”

கழற்றினாள். விரல்கள் பாதி வரைக்கும் சுண்ணாம்பு தடவினாற்போல வெளுத்திருந்தன.

“குளிருக்கு எல்லாருக்கும்தான் வெளுக்கும்.”

“அடுப்புப் பக்கத்துல நின்னா எல்லாருக்கும் வெளுக்காதும்மா. கையில பிடிச்சு மரம் தேய்க்கிற அந்த மெஷினை இந்தக் குளிர்காலம் பூரா நீ கீழ வைக்கவே இல்ல. அதோட அதிர்வு விரலைக் கொன்னுடும். நகரத்துப் பட்டறையில ஒருத்தருக்கு அப்படி ஆனதைப் பார்த்திருக்கேன்.” திரில் காகிதக் கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவினாள். “கண்ணை மூடு. உன் கையில இதை வைப்பேன். வச்சதும் சொல்லு.”

“என்னடி விளையாட்டு இது?”

“மூடும்மா.”

இங்குன் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். காத்திருந்தாள். கூரையிலிருந்து பனி சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. முற்றத்தில் யாரோ இருமினார்கள். இந்தப் பெண்ணுக்கு எப்போதும் எல்லாவற்றிலும் இழுத்தடிப்பு.

“வெளிய அத்தனை பேர் நிக்கிறாங்க. வைக்கிறதை வச்சுத் தொலையேன்.”

ஹால்வர் மூக்கை உறிஞ்சினான்.

இங்குன் கண்ணைத் திறந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காகிதம் இருந்தது.

“அப்பவே வச்சுட்டேம்மா,” என்றாள் திரில்.

இங்குன் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவமானம் முதலில் வந்தது, பயம் அப்புறம் வந்தது. ஒரு மாதமாக இந்த விரல் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று சொல்லச் சொல்ல இழைத்தாளே! அது ஒன்றுமே சொல்லவில்லை. பழக்கம்தான் சொல்லியிருக்கிறது. மரம் தீர்ந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

“தெரிஞ்சும் ரெண்டு பேரும் சும்மா இருந்தீங்களா?”

“நான் சொல்ல வந்தேன். நேத்துப் பொறந்தவ எனக்குப் பாடம் எடுக்குறியான்னு கேட்டே. அப்புறம் நீ சாப்பிடப் போறப்ப உன் ஜோடிகளை அமுக்கிப் பார்த்து, மெலிஞ்சதை விறகுக்கு அடியில ஒளிச்சேன். இந்த மாசம் நீ போன வேகத்துக்கு என்னால ஈடு குடுக்க முடியல.”

“நான்தான் ஈஸ்டர் முடியட்டும்னு சொன்னேன்,” என்றான் ஹால்வர். “குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டு உன்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகலாம்னு. எழுபது பேர்கிட்ட இல்லைன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. உங்கிட்டச் சொல்ல அதைவிடத் தைரியம் இல்ல.”

அவனைத் திட்டுவதற்குக்கூட இங்குனிடம் தெம்பு இல்லை. தலை தன்போக்கில் கணக்குப் போட்டது. இன்றைக்குச் சிக்கியதெல்லாம் சுவரோரம் பத்திரமாக இருக்கிறது. இன்றைக்குப் போனதெல்லாம் திரில் செய்தது. அப்படியென்றால்...

“போன வாரம் போனது?”

ஹால்வரின் முகம் மாறியது.

போன வாரம், நிபந்தனை போடுவதற்கு முந்தின நாள், சீக்கிரம் கிளம்புகிறவர்கள் என்று சிலர் வந்து அவசரப்படுத்தினார்கள். கல்லையும் காகிதத்தையும் எடுக்க அன்றைக்கு இங்குனுக்குப் பொறுமை இல்லை. முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தாள், கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாள், முத்திரையைப் போட்டாள்.

“நாலு ஜோடி,” என்றான் ஹால்வர். “நாலும் உன் மேசையில செஞ்சது. மூணு பேர் நாளைக்குத்தான் கிளம்புறாங்க. இப்பவே போன் போட்டு நிறுத்திடலாம்.”

“நாலாவது யாரு?”

கதவுப் பக்கமிருந்து பதில் வந்தது.

“என் மகன்.”

போர்கில் எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை. அதட்டல் எல்லாம் அந்தக் குரலை விட்டுப் போயிருந்தது.

“ஸ்டெய்னார் காலையிலேயே பீடபூமிக்கு ஏறிட்டான். பெண்டாட்டி, குழந்தை எல்லாரோடவும். குழந்தையைச் சறுக்கு வண்டியில வச்சு இடுப்புல கட்டி இழுத்துட்டுப் போறான். சாமானும் அதுலதான். என்னடி பலகை அது? எதுக்கு எல்லாரும் என்னை அப்படிப் பாக்குறீங்க?”

திரில் அதற்குள் பட்டறை போனை எடுத்து எண்ணை அழுத்திவிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் காதருகே பிடித்தாள்.

“அத்தை!” சுன்னிவாவின் குரல் காற்றுச் சத்தத்துக்கு நடுவே உற்சாகமாக வந்தது. ஸ்டெய்னாரின் மனைவி எப்போதும் அப்படித்தான் பேசுவாள். “உங்களைப் பத்தித்தான் பேசிட்டே வந்தோம். அவருக்குப் பலகை வெண்ணெய் மாதிரி வழுக்குதாம். உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்னு வழியெல்லாம் ஒரே பாட்டு.”

“சுன்னிவா, நான் சொல்றதைக் கேளு. அவனை நிக்கச் சொல்லு. அந்தப் பலகையைக் கழட்டச் சொல்லு. இப்பவே.”

“என்ன அத்தை? காத்து அடிக்குது, சரியாக் கேக்கல.”

“ஸ்டெய்னாரை நிறுத்து!”

“அவரா? அவர் பாப்பாவை இழுத்துட்டு முன்னாடியே மேடு தாண்டிட்டாரே. இங்க பனிமூட்டமாயிடுச்சு. கூப்பிட்டாக்கூட அவருக்கு—”

காற்று மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. திரில் மறுபடி எண்ணை அழுத்தினாள். தொடர்பு கிடைக்கவில்லை. அவள் போனை அப்பாவின் கையில் திணித்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த தன் சொந்தப் பலகைகளை எடுக்க ஓடினாள்.

“என்ன சொன்னா?” என்று கேட்டார் போர்கில். “நல்லாத்தானே இருக்காங்க?”

ஹால்வர் போனைக் கீழே வைத்தான். “நல்லா இருக்காங்கக்கா. பலகை நல்லா வழுக்குதாம். ஒண்ணும் பயப்படறதுக்கு—”

“ஹால்வர்,” என்றாள் இங்குன்.

அவன் நிறுத்திக்கொண்டான்.

இங்குன் எழுந்து நாத்தனாருக்கு எதிரே போய் நின்றாள். கதவு திறந்து கிடந்தது. முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இனி சொல்லப்போவது ஊருக்கே கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தவில்லை.

“அந்தப் பலகை ஒடியும் அண்ணி. அதை நான்தான் செஞ்சேன்.”